நின்ற விமானம்தான் செலவு வைக்கும்

அந்த எஞ்சினைத் திறந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. நான்கு பேர் உட்காரும் செஸ்னா 172. தென் மாவட்டத்துச் செல்வந்தர் ஒருவர் ஆசையாக வாங்கி, எங்கள் ஹேங்கரில் வாடகைக்கு நிறுத்தியிருந்தார். பதினோரு வருடத்தில் அது பறந்தது 300 மணி நேரத்துக்கும் குறைவு. பெயின்ட் புதுசு போல இருந்தது. இருக்கையில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்தபோது மடிப்புகளுக்குள் இரும்புப்பொடி மினுங்கியது. சிலிண்டரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தோம். கேம் ஷாஃப்ட் முழுக்கத் துரு.

அந்த லைகமிங் எஞ்சினில் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கும். வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்தால் அதன் மேல் படிந்திருக்கும் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். ஈரக்காற்று பட்டால் துரு. அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் அந்தத் துரு உதிர்ந்து எஞ்சின் முழுக்கச் சுற்றும். பக்கத்திலேயே எங்கள் ஃபிளையிங் கிளப்பின் புஷ்பக் நின்றது. சாயம் வெளிறி, இருக்கைத் துணி கிழிந்து, தினமும் ஐந்தாறு பேர் ஏறி இறங்கிய விமானம். அதன் எஞ்சின் சொல்லப்பட்ட மணி முழுவதும் ஓடி முடித்துத்தான் ஓவராலுக்கு, அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலைக்கு, போனது.

எங்கள் தலைமைப் பொறியாளர் துருப்பிடித்த ஷாஃப்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பறக்கிற விமானம் காசு கேக்காது. நிக்கிற விமானம்தான் கேக்கும்" என்றார். எனக்கு அது புதிய பாடம் இல்லை. ராஜபாளையத்தில் பஞ்சாலை ஃபிட்டரின் மகனாகப் பிறந்தவனுக்கு, கதிர் சுற்றாமல் நின்றால் ஆலைக்கு என்ன ஆகும் என்று சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லித்தந்திருந்தார்கள்.

1974இல் மீட்டர் கேஜ் ரயில் ஏறி ஊரை விட்டுப் போனேன். பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ. சான்றிதழும் அப்பா கொடுத்த ஒரு ஸ்பானர் செட்டும் கையில். ஒரு ஃபிளையிங் கிளப்பின் ஹேங்கரில் அப்ரன்டிஸ் வேலை. ஊரில் யாருக்கும் அது என்ன இடம் என்று சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. பணக்காரர்கள் சீட்டாடும் கிளப் என்று அம்மா நினைத்து அழுதாள்.

கிளப் என்ற சொல்லில் அந்த வாசனை கொஞ்சம் இருந்தது உண்மைதான். இந்தியாவில் இந்தக் கிளப்புகள் 1928இல் தொடங்குகின்றன. பம்பாய், டெல்லி, கராச்சி, கல்கத்தா என்று வரிசையாக வந்தன. மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் 1930இல் வந்தது. ஆரம்ப உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், ஜமீன் வீட்டுப் பிள்ளைகள், பெரிய வியாபாரிகள். ஜே.ஆர்.டி. டாடா 1929 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் வாங்கியதுதான் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் பைலட் லைசென்ஸ். ஹேங்கரில் எங்களுக்கு அவரைப் பற்றிப் பிடித்த கதை வேறு. 1930இல் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறப்பவருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். டாடா இங்கிருந்து போனார்; ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் அங்கிருந்து வந்தார். எகிப்தின் அபுகிரில் இருவரும் சந்தித்தபோது ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். போட்டியாளர் என்று பாராமல் டாடா தன்னிடமிருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்தார். பரிசை ஆஸ்பி வென்றார். பின்னாளில் அவர் இந்திய விமானப்படையின் தலைவரானார். பிளக் துடைக்க உட்காரும் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் இந்தக் கதையை முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

மெட்ராஸ் கிளப்பைப் பற்றியும் பழையவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். கொழும்பை அடுத்த ரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விமானம் இந்தக் கிளப்பிலிருந்து போனது. 1935 நவம்பர் 27 அன்று தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஒரு புஸ் மாத் விமானத்தை ஓட்டிக்கொண்டு போய் இறக்கினார். பின்னாளில் இதே கிளப்பில் பயிற்றுநராக இருந்த கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும், மெட்ராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று உஷாவைச் சொல்வார்கள். ஒரு நாட்டின் விமானத்துறை எங்கிருந்து முளைத்தது என்று கேட்டால் நான் இந்தத் தகரக் கொட்டகைகளைத்தான் காட்டுவேன்.

நான் போய்ச் சேர்ந்த காலத்தில் கிளப்பின் முகம் மாறியிருந்தது. மாற்றியது புஷ்பக். கிளப்புகளுக்காகவே பெங்களூரு ஹெச்.ஏ.எல். கட்டிய இரண்டு பேர் விமானம் அது. 1958 செப்டம்பர் 28 அன்று முதன்முதலாகப் பறந்தது. எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து உடல், மரத்தால் இறக்கை, மேலே துணி. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின். செல்ஃப் ஸ்டார்ட்டர் கிடையாது. ப்ரொப்பல்லரைக் கையால்தான் சுற்றிவிட வேண்டும். "ஸ்விட்ச் ஆஃப்", "த்ராட்டில் க்ளோஸ்ட்", "கான்டாக்ட்" என்று உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் மாறிமாறிச் சொல்லி உறுதிப்படுத்திய பிறகுதான் பிளேடில் கை வைப்போம். பிளேடை இழுத்த வேகத்திலேயே உடம்பு பின்னால் விலகிவிட வேண்டும். அதை எனக்கு ஒரு மாதம் பழக்கினார்கள்.

அதன் துணியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி, நெருக்கமாகத் தைத்து, டோப் என்ற திரவத்தைக் கோட் கோட்டாகப் பூசுவோம். ஒவ்வொரு கோட்டும் காயக் காயத் துணி இறுகும். விரலால் சுண்டினால் உறுமி மாதிரி சத்தம் வர வேண்டும். டோப்பின் வாசனை தலையைச் சுற்றவைக்கும்; கதவையெல்லாம் திறந்துவைத்துவிட்டுத்தான் பூசுவோம். எங்கள் ஊரில் நெய்த துணியாக இருக்குமோ என்று சில நாள் தடவிப்பார்த்திருக்கிறேன். இந்த விமானத்தைச் சரிசெய்ய வெளிநாட்டுப் பாகத்துக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. வெல்டிங் தெரிந்தவர், தச்சர், தையல்காரர், ஃபிட்டர் இருந்தால், லைசென்ஸ் பெற்ற பொறியாளரின் கண்காணிப்பில் பெரும்பாலான வேலை ஹேங்கரிலேயே முடிந்துவிடும். விலை குறைய அது ஒரு காரணம். பறக்கும் மணிக்கு அரசு தந்த மானியம் இன்னொரு காரணம். பேங்க் குமாஸ்தா, பல் டாக்டர், கல்லூரி மாணவி, ஒரு தபால்காரரின் மகன் என்று எங்கள் கிளப்பில் பலர் பறந்தார்கள். சம்பளம் வந்த வாரம் இரண்டு மணி நேரம், மாதக் கடைசியில் அரைமணி நேரம். தபால்காரரின் மகன் பிறகு பெரிய விமானங்களை ஓட்டினார்.

ஊழியர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. அதை வைத்து நானும் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வாங்க மூன்று வருடம் பிடித்தது.

தேர்வுக்கு முந்தைய நீண்ட பயணத்தில் பயிற்றுநரும் நானும் மதுரையில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினோம். வரைபடத்தில் கோடு போட்டால் அது சிவகாசிக்கு மேலாகப் போகும். பயிற்றுநரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "காலை எட்டு மணி வரைக்கும்தான். அதுக்கு மேல மலைப்பக்கம் போகக்கூடாது" என்று அனுமதித்தார். மேற்கே திருப்பினேன்.

முதலில் தெரிந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். 192 அடி உயரம்; கீழே நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். மூவாயிரம் அடியிலிருந்து பார்த்தபோது வெயில் பட்ட ஒரு பக்கம் மட்டும் தெரிய, அதன் நிழல் தெருவில் நீளமாக விழுந்து கிடந்தது. கோபுரத்தைவிட நிழல்தான் பெரிதாக இருந்தது. கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சென்று மின்னின. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு மறுகால் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். சங்கிலி மாதிரி சரிந்து சரிந்து கிழக்கே போனது. ஐந்து நிமிடத்தில் ராஜபாளையம். ஆலைகளின் கூரைகள் ரம்பப் பல் போல வரிசையாக, வடக்குப் பார்த்த கண்ணாடிகளோடு தெரிந்தன. அப்பா வேலை பார்த்த ஆலையைக் கூரையின் பற்களை எண்ணித்தான் கண்டுபிடித்தேன். காலை ஷிப்டில் அவர் உள்ளே இருந்தார். மலை பச்சையாகப் பக்கத்தில் நின்றது. அதன் மேல் ஒரு மேகம் நகராமல் கிடந்தது. பயிற்றுநர் அதைக் காட்டி, "மேகம் நிக்கிற மாதிரி இருக்குல்ல? அதுக்குள்ள காத்து ஓடிக்கிட்டே இருக்கு. மலையத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது நம்மையும் சேர்த்து அமுக்கும்" என்றார். கோட்டுக்குத் திரும்பினோம்.

ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். கோபுரம் எப்படி இருந்தது, வீடு தெரிந்ததா என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "எஞ்சின் சத்தம் மாறாம இருந்துச்சா?"

எண்பதுகளிலிருந்து சரிவு. புஷ்பக்குகள் ஒவ்வொன்றாக ஒதுக்கப்பட்டன. கிளப்புகளுக்காக சிவில் விமானப் போக்குவரத்துத் துறையின் தொழில்நுட்ப மையமே ரேவதி என்ற விமானத்தை முன்பே வடிவமைத்திருந்தும், அது பெருகவில்லை. மானியம் தேய்ந்தது. சிறு விமானங்களுக்கான ஆவ்காஸ் எரிபொருள் கப்பலில் வந்தது, விலை ஏறியது, சில மாதம் வரவே இல்லை. பெரிய விமானங்கள் பெருகிய நிலையங்களில் எங்கள் சிறு விமானம் எஞ்சின் ஓடிக்கொண்டே ஓடுபாதை ஓரத்தில் இருபது நிமிடம் காத்திருக்கும். மீட்டர் சுற்றும், காசு மாணவனுடையது. பிறகு தனியார் விமான நிறுவனங்கள் வந்தன, பைலட்டுக்குத் தட்டுப்பாடு. கிளப்புகள் வணிக லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்கவைக்கும் பள்ளிகளாக மாறின. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பறக்க வருகிற பல் டாக்டருக்கு விமானம் கிடைக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாணவர்களிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கினார்கள். ஐந்து விமானங்களில் இரண்டு பறந்தன. மூன்று பாகமில்லாமல் நின்றன. எஞ்சின் ஓவராலுக்கென்று மணிக்கு மணி ஒதுக்க வேண்டிய பணம் வேறு செலவுக்குப் போய்விட்டது. தேனிப் பக்கத்திலிருந்து நிலத்தை விற்றுப் பணம் கட்டிய ஒரு பையன், பதினெட்டு மாதத்தில் 70 மணி நேரம் பறந்துவிட்டு ஊர் திரும்பினான். அவன் அப்பா ஹேங்கர் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாதமே நான் வேலையை விட்டேன்.

ஏன் இவ்வளவு விலை என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். இன்ஷூரன்ஸ், ஹேங்கர் வாடகை, வருடாந்தரப் பரிசோதனை, பொறியாளர் சம்பளம் இவை விமானம் பறந்தாலும் நின்றாலும் உண்டு. கணக்குக்காக வருடத்துக்கு 12 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் வைத்திருந்து 40 மணி நேரம் பறந்தால் மணிக்கு 30,000 ரூபாய். இருபது பேர் சேர்ந்து ஆளுக்கு 20 மணி நேரம் பறந்தால் 400 மணி. மணிக்கு 3,000 ரூபாய். எரிபொருள் யார் பறந்தாலும் ஒரே அளவு. செஸ்னா 152 என்றால் மணிக்கு 23 லிட்டரை ஒட்டி. எஞ்சினுக்கு 2,000 மணி நேர ஆயுள் என்றால் தயாரிப்பாளர் அதோடு 12 வருடம் என்றும் ஒரு வரம்பு சொல்வார். வருடத்துக்கு 40 மணி பறக்கும் விமானம் 12 வருடத்தில் 480 மணிதான் பறந்திருக்கும். மிச்ச 1,520 மணியும் வீண். வருடத்துக்கு 400 மணி பறப்பது ஐந்தே வருடத்தில் முழு ஆயுளையும் பயன்படுத்திக்கொள்ளும். துருப்பிடிக்கவும் நேரம் இராது.

இரண்டு மாடு வைத்திருப்பவர் தனியாகப் பால்கோவாக் கடை வைக்க முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் சங்கமாகச் சேர்ந்து பாலை ஊற்றினார்கள். கூட்டுறவுச் சங்கத்துப் பால்கோவாவுக்கு இன்றும் வரிசை நிற்கிறது. விமானத்துக்கும் அதே வழி பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஜெர்மனியின் கிளைடர் கிளப்புகளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று கிளப்பின் வேலையைச் செய்து கொடுக்க வேண்டும். புல் வெட்டுவது முதல் இறக்கைக்கு மெழுகு தேய்ப்பது வரை. பிரான்சில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே விமானவியல் அறிமுகச் சான்றிதழ் ஒன்று உண்டு. உள்ளூர்க் கிளப்புகள் அதற்குத் துணை நிற்கின்றன. நம்மூர் உதாரணம் மோட்டார் பந்தயம். உலகப்போர்க் காலத்துச் சோழவரம் ஓடுபாதையில் கார் ஓட்டிக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள், இருங்காட்டுக்கோட்டையில் தங்களுக்கென்று ஒரு பந்தயத் தடமே அமைத்தார்கள். 1990இல் அது திறந்தது. கார்க்காரர்களால் முடிந்தது.

எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெயின்ட் மங்கியிருக்கலாம், சோபா வேண்டாம், வரவேற்பு மேசை வேண்டாம், புதிய விமானமும் வேண்டாம். ஐம்பது மணி, நூறு மணிப் பரிசோதனைகளை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. எஞ்சின் நிதியை யாரும் தொடக்கூடாது. லாக் புக்கில் இல்லாத வேலை நடக்காத வேலை. காலையில் டேங்க்கின் அடியிலிருந்து எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் தண்ணீர் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்காமல் யாரும் ஏறக்கூடாது. உறுப்பினர் எண்ணிக்கைக்கும் வரம்பு வேண்டும். ஒரு விமானத்துக்கு இருபத்தைந்து பேரைத் தாண்டினால் வரிசை நீண்டு சண்டை வரும்.

இப்போது என் ஊரைப் பற்றி. கோவில்பட்டியை அடுத்து நாலாட்டின்புத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலை நிறுவனம் பயன்படுத்திய சிறு ஓடுபாதை இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முனைந்திருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து வானில் ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முரட்டுத்தனமானது. கயத்தாற்றுக் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. அந்த மாதங்களில் விடிகாலை மட்டும் பறக்கலாம். மார்கழியிலிருந்து பங்குனி வரை இங்கு கிடைக்கும் தெளிந்த வானம் பல ஊர்களுக்கு வாய்க்காது.

எரிபொருள் நிலைமையும் மாறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் இந்தியன் ஆயில் தன் வதோதரா சுத்திகரிப்பு ஆலையில் ஆவ்காஸ் தயாரித்து வெளியிட்டது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ஹன்சா விமானத்தின் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. அதன் ரோட்டாக்ஸ் வகை எஞ்சின் சாதாரணப் பெட்ரோலையே ஏற்கும். சேலம் விமான நிலையத்திலும் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கினார்கள். எனக்கு ஒரு கவலை மட்டும் உண்டு. இவை எல்லாமே வணிக பைலட்டுகளை உருவாக்கும் பள்ளிகளாகவே திட்டமிடப்படுகின்றன. தனியார் லைசென்ஸுக்கு 17 வயதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், உடல்தகுதியும், 40 மணி நேரப் பறப்பும் போதும். ஆசிரியரும் மெக்கானிக்கும் எட்டக்கூடிய படி அது. டிட்கோவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: வாரத்தில் இரண்டு காலை உள்ளூர் கிளப்புக்கு. ஓடுபாதையும் காற்றுப்பையும் ஏற்கெனவே அங்கு இருக்கும்போது அதற்குத் தனிச் செலவு கிடையாது. டெண்டரில் வராமல் போனால் பிறகு கேட்டுப் பயனில்லை.

பராமரிப்பு வேலைக்குக் கையெழுத்திடும் என் உரிமம் காலாவதியாகிவிட்டது. சொல்லித்தர உரிமம் வேண்டாம். பஞ்சாலை பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கும் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும், பேரிங் சத்தம் தெரியும். அவர்களில் நாலு பேரை ஒரு வருடத்தில் ஹேங்கர் வேலைக்குத் தயார்படுத்த என்னால் முடியும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, கோவில்பட்டி நான்கு ஊரிலும் சேர்த்து இருபது உறுப்பினர்கள் வேண்டும். பணம் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். காலை ஐந்தரைக்கு ஹேங்கர் கதவைத் தள்ளித் திறக்க வருகிறவர்கள் வாருங்கள்.